கனடாவுக்கும் கட்டாருக்கும் மருதம்பட்டை அனுப்ப முன்

மட்டக்களப்பிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ வெளிநாட்டுக்குப் போகும் பார்சலைப் பிரித்தால் கறித்தூள், மாசி, கருவாடு இவற்றுக்கு நடுவே ஒரு பொலித்தீன் பையில் மருதம்பட்டைத் தூளும் இருக்கும். "நெஞ்சுக்கு நல்லது, தினமும் குடி" என்று ஒரு சொல்லும் கூடவே போகும். இதயத்தைக் காக்க ஆயுர்வேதம் சொல்லும் வரிசையில் மருந்து கடைசியில்தான் வருகிறது. பசித்துச் சாப்பிடுவது, அளவோடு நிறுத்துவது, உடம்பை அசைப்பது, நேரத்துக்குத் தூங்குவது எல்லாம் அதற்கு முன்னால். வயலில் இறங்கி வெட்டிக் கொத்தியவனின் சாப்பாட்டைப் பார்சலில் அனுப்பலாம், அவன் பட்ட பாட்டை அனுப்ப முடியாது. கனடாவின் ஸ்கார்புரோவில் காரும் கதிரையுமாக இருக்கும் பிள்ளைக்கு இங்குள்ள தட்டு அப்படியே பொருந்தாது.

தெற்காசிய உடம்பின் நிலைமையும் சாதகமானதல்ல. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், இலங்கை, இந்தியா உட்பட நம் பகுதியினருக்கு முதல் மாரடைப்பு வந்த வயதின் இடைநிலை 53. மற்ற நாட்டவருக்கு அது 59க்குக் கிட்ட. அமெரிக்காவில் குடியேறிய தெற்காசியரை, பெரும்பாலும் இந்தியரை, 2010 முதல் பின்தொடரும் மசாலா (MASALA) என்ற ஆய்வும் ஒன்றைக் காட்டியது: பார்வைக்கு ஒல்லியானவரிடமும் ஈரலிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு சேர்ந்திருக்கிறது, சீனி வருத்தம் வெள்ளையரை விடப் பல மடங்கு. அமெரிக்க இதய மருத்துவர்களின் 2018 கொலஸ்ட்ரோல் வழிகாட்டி, தெற்காசியப் பூர்வீகத்தையே ஆபத்தைக் கூட்டும் காரணமாகக் கணக்கில் எடுக்கிறது.

முதலில் அளவுகள்

நாடி பார்க்கத் தெரிந்த பரியாரியாரும் இந்த அளவுகளைக் கேட்டுவிட்டுத்தான் மருந்து சொல்ல வேண்டும்.

இடுப்பு அளவைப் பெரும்பாலானோர் பிழையாகத்தான் எடுக்கிறார்கள். ஆண்கள் சாறனையும் ஜீன்ஸையும் வயிற்றுக்குக் கீழே கட்டுவதால், காற்சட்டை அளவு 32 என்று பத்து வருடமாக மாறாமலே இருக்கும். வயிறு அதற்கு மேலே வளர்ந்திருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, தொப்புளுக்குச் சற்று மேலாக, அளவுநாடாவைச் சுற்ற வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சை இயல்பாக விட்ட கணத்தில் பார்க்க வேண்டும். ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர். அதைத் தாண்டினால் வேலை தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். போனில் கேட்பதென்றால் இப்படிக் கேளுங்கள்: "மகன், சாறன் கட்டுற இடத்துல இல்ல, தொப்புளுக்கு மேல அளந்து சொல்லு." நிறைச் சுட்டெண்ணிலும் (பிஎம்ஐ) ஆசியருக்கான வரம்பு வேறு: 25 அல்ல, 23.

பிரஷர் பார்க்க முன் அரை மணி நேரம் தேத்தண்ணி, வெற்றிலை, சிகரெட் வேண்டாம். முதுகைச் சாய்த்து, கால் நிலத்தில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். பட்டி கட்டிய கை நெஞ்சு மட்டத்தில் மேசையில் இருக்கட்டும். கை கீழே தொங்கினால் எண் கூடிக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் பாருங்கள். வீட்டில் திரும்பத் திரும்ப 135/85க்கு மேல் வந்தால் டொக்டரிடம் போக வேண்டும்.

இரத்தப் பரிசோதனையில் மூன்று: கொலஸ்ட்ரோல் பிரிவுகள், மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி (5.7 வீதத்துக்கு மேல் சீனி வருத்தத்தின் வாசல், 6.5 என்றால் உள்ளே வந்தாயிற்று), அதோடு வாழ்நாளில் ஒரு முறை லிப்போபுரோட்டீன் ஏ என்ற கொலஸ்ட்ரோல் துகள். கடைசியாகச் சொன்னது பிறப்போடு வருவது, சாப்பாட்டால் பெரிதாக மாறாது. நம்மவரில் கூடுதலாகக் காணப்படுகிறது. தகப்பனுக்கோ சகோதரனுக்கோ 55க்கு முன், தாய்க்கோ சகோதரிக்கோ 65க்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அதை டொக்டரிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும். இங்கே இருப்பவர்கள் அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்தில் அடிப்படைப் பரிசோதனைகளை இலவசமாகச் செய்யலாம்.

தட்டு

வயிற்றை நாலு பங்காக்கி, இரண்டு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு வெறுமை என்று அட்டாங்க இருதயம் என்ற ஆயுர்வேத நூல் சொல்கிறது. நடைமுறையில்: சோறு ஒரு தேத்தண்ணிக் கோப்பை, குவிக்காமல். தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு மீனோ பருப்போ. சோற்றைக் குறைத்துவிட்டு வேறொன்றும் கூட்டாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் பசித்து மிக்சரில் கை போகும். ஆகவே முதலில் கூட்ட வேண்டியது வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, பயற்றங்காய். வெளிநாட்டில் இவை விலை அதிகமென்றால் கீரைவகை எதுவும் சரி. ஐஸ்பெட்டியில் உறைந்த ஸ்பினாச்சும் கீரைதான்.

அரிசி சிவப்புக் குத்தரிசி. தவிடு போகாத அரிசி என்றாலும் அளவு கூடினால் பலன் போய்விடும். இரவுக்குக் குரக்கன் புட்டு நல்லது, ஆனால் மாவும் தேங்காய்ப்பூவும் சரிக்குச் சரி போட்டால் அது தேங்காய்ப் புட்டு. நாலு பங்கு மாவுக்கு ஒரு பங்கு தேங்காய்ப்பூ போதும். மா காய்ந்து தொண்டையில் அடைத்தால், குழைக்கும் தண்ணீரைச் சற்றுக் கூட்டி, அவித்த முருங்கையிலையைக் கலந்து அவியுங்கள்.

தேங்காய்தான் கிழக்கில் சண்டைக்கு வரும் விடயம். "பாட்டன் தேங்காய் தின்று தொண்ணூறு வரை இருந்தார்" என்பார்கள். பாட்டன் தின்றது வயலில் எரிந்தும் போனது. தேங்காயெண்ணெயில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அது கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும் என்பதில் சந்தேகம் இல்லை. அதற்காகப் பாலாணத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. சொதியும் பாலாணமும் இரண்டாம், மூன்றாம் பாலில் கொதிக்கட்டும். இறக்கும்போது முதற்பால் இரண்டு மேசைக்கரண்டி மட்டும். வாசனை வந்துவிடும், கொழுப்புப் பாதிக்கும் கீழே. நாலு பேர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு அரைத் தேங்காய் என்று வைத்துக்கொள்ளலாம். தாளிக்க நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவானாலும் ஆளுக்கு மாதம் அரை லீற்றருக்கு மேல் போகக்கூடாது. போத்தலில் வாங்கிய திகதியை எழுதி வையுங்கள், கணக்குத் தானாகத் தெரியும்.

மீன் நமக்குள்ள பெரிய வசதி. சாளை, சூடை, கும்பளா, சூரை போன்ற எண்ணெய் மீன் வாரம் இரண்டு தரம், ஆணமாக. பொரித்தால் அந்த நன்மையில் ஒரு பகுதி சட்டியோடு போய்விடும். கருவாட்டை இளஞ்சூட்டு நீரில் இரண்டு தரம் ஊறவைத்து நீரை ஊற்றிவிட்டு, கறிக்கு உப்புப் போடாமல் சமையுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாமாக ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது 5 கிராம், மேல்வரம்பு. இந்துப்பு என்றால் பிரஷருக்குப் பரவாயில்லை என்பது வியாபாரப் பேச்சு. அதுவும் பெரும்பாலும் அதே சோடியம்தான்.

எருமைத் தயிரை நம் ஊரில் யாரும் குறை சொல்ல விடமாட்டார்கள். தயிரை இரவில் உண்ணாதே, மோரைப் பழக்கு என்பது ஆயுர்வேதத்தின் பழைய சட்டம். ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்து, மேலே திரளும் வெண்ணெயை எடுத்துவிட்டு, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டு மத்தியானம் குடிக்கலாம். பாணி ஊற்றிய தயிர் கலியாணத்துக்கு.

தேத்தண்ணிச் சீனியை எண்ணிப் பாருங்கள். ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் 40 கிராமைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சேர்த்த சீனி 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாள் பழையபடி. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தால் நாக்குப் பழகிவிடும்.

நடையும் பருவமும்

உடற்பயிற்சியைப் பாதிப் பலத்தோடு நிறுத்து என்பது ஆயுர்வேத விதி. நெற்றியிலும் அக்குளிலும் வியர்வை துளிர்த்து, மூச்சு வாயால் வரத் தொடங்குவதே பாதிப் பலத்தின் அடையாளம். பேச முடியும், பாட முடியாது என்ற இன்றைய அளவுகோலும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. அப்படி வாரம் 150 நிமிடம். கல்லடிக் கடற்கரையில் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள், பிறகு மணல் சுடும்.

கதை மாறுவது குளிர்நாட்டில். முன்பனிக் காலத்தில் பசித்தீ வலுக்கும், நெய்யும் இனிப்பும் கொழுப்பும் சேர்த்து உண் என்று நூல்களில் இருக்கிறது. அது குளிரில் உழைப்பவனுக்குச் சொன்னது. வீடு, கார், வேலைத்தலம் எல்லாம் சூடாக்கப்பட்டு, வெளிக்குளிரை ஒரு நாளில் பத்து நிமிடம் மட்டும் காண்பவர் அந்த விதியைக் காட்டி நெய் ஊற்றிச் சாப்பிட்டால் வயிறுதான் வளரும். தேசமும் காலமும் பார்த்துத்தான் எதையும் விதிக்க வேண்டும் என்று சொல்வதும் அதே நூல்கள்தான். அங்கே குளிர்காலத்தில் மாடிப்படியும் கடைத்தொகுதி நடையுமே பயிற்சி.

பனி வாருவது தனி ஆபத்து. குளிரில் இரத்தக் குழாய் சுருங்கும், மூச்சை அடக்கித் தூக்கும்போது பிரஷர் எகிறும். காலையில் எழுந்த வேகத்தில் செய்தால் இன்னும் மோசம். பத்து நிமிடம் வீட்டுக்குள் நடந்து உடம்பைச் சூடாக்கி, சின்ன வாரியால், தூக்காமல் தள்ள வேண்டும். இதய நோயாளி அந்த வேலைக்கே போகக்கூடாது. கட்டாரிலும் சவூதியிலும் எதிர்ப்பக்கம்: சலம் போக்கும் குளிசை எடுப்பவர் வெயிலில் நீரிழந்து தலைசுற்றி விழுவார். அவர் குளிசையின் அளவை டொக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும், தானாக நிறுத்தக்கூடாது.

தூக்கம் ஏழு மணித்தியாலம், இரவுச் சாப்பாடு அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன். வெற்றிலையோடு போடும் புகையிலையும் புகையிலைதான், இதயம் அதைப் பிரித்துப் பார்க்காது.

மருதம்பட்டை

இனி மருந்து. ஆற்றோரமும் குளக்கட்டிலும் நிற்கும் மருதமரத்தின் பட்டைதான். சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு மேல்தோல் தகடு தகடாக உரியும், உட்புறம் சிவந்திருக்கும். மரத்தைச் சுற்றி வளையமாக உரித்தால் மரம் பட்டுவிடும். காட்டு மரத்தில் கை வைப்பது குற்றமும் கூட. மருந்துக்கடையில் வாங்குவதானால் தூளாக வாங்காமல் பட்டைத் துண்டாக வாங்குங்கள். தூளில் என்ன கலந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. மாரியில் வாங்கிய தூள் ஈரம் இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். கார்த்திகை, மார்கழியில் மூடி திறக்கும்போது புழுங்கல் மணம் வந்தால் கொட்டிவிடுங்கள்.

பால் கசாயம் செய்யும் பழைய கணக்கு, மருந்து ஒன்று, பால் எட்டு, தண்ணீர் முப்பத்திரண்டு. ஒருவருக்கு: பட்டையை இடித்த தூள் 5 கிராம் (தராசில் நிறுக்கவும், தேக்கரண்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும்), பால் 40 மில்லிலீற்றர், தண்ணீர் 160 மில்லிலீற்றர். எவர்சில்வர் அல்லது மண்சட்டி. இரும்புச் சட்டியில் பட்டையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுத்துவிடும். எப்போது இறக்குவது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுவது. முதலில் 40 மில்லிலீற்றர் தண்ணீரை மட்டும் சட்டியில் ஊற்றி, ஒரு ஈர்க்கைச் செங்குத்தாக நிறுத்தி, நனைந்த மட்டத்தில் நகத்தால் கீறிக்கொள்ளுங்கள். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து மெல்லிய நெருப்பில் கிண்டியபடி வற்றவிட்டு, ஈர்க்குக் கீறலுக்கு இறங்கியதும் துணியில் வடிக்கலாம். நெருப்புக் கூடினால் பால் அடிப்பிடிக்கும். பால் பழசென்றால் துவர்ப்புப் பட்டுத் திரைந்துவிடும். அதைக் குடிக்க வேண்டாம். பால் ஒத்துவராதவர் 5 கிராமை 200 மில்லிலீற்றர் தண்ணீரில் போட்டு 50 ஆக வற்றவைக்கலாம்.

ஒரு நாளைக்கு ஒரு வேளை, ஆறு முதல் எட்டு வாரம். பிறகு நிறுத்திவிட்டு அளவுகளைத் திரும்பப் பாருங்கள். மலச்சிக்கல், குமட்டல், தலையிடி சிலருக்கு வரும். பிரஷர் குளிசையோடு சேர்ந்து பிரஷர் இறங்கலாம். மேல் எண் 100க்குக் கீழே போய்த் தலைசுற்றினால் நிறுத்துங்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் வேண்டாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் குளிசை எடுப்பவருக்கும் வேண்டாம். மருதம்பட்டை பற்றிய மனித ஆய்வுகள் சிறியவை, முடிவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. மாரடைப்பைத் தடுக்கும் என்று நிரூபணம் இல்லை. துணை மருந்து என்ற இடத்தில் வைத்தால் போதும்.

குளிசையோடு எது மோதும்

இதயக் குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டெண்ட் என்ற வலைக்குழாய் வைத்தவர் அஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் "சூடு" என்று நிறுத்தினால் ஸ்டெண்டுக்குள் இரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். கொலஸ்ட்ரோல் குளிசையும் அப்படித்தான்: எண் இறங்கியது குளிசையால், விட்டால் பழைய எண்ணுக்கே ஏறும்.

உள்ளி கறியில் எவ்வளவும் போடலாம், பச்சையாக ஒன்றிரண்டு பல்லும் பிழையில்லை. உள்ளி மாத்திரை வேறு: இரத்தம் உறைவதைக் குறைக்கும், சத்திரசிகிச்சைக்கு ஒரு வாரம் முன் நிறுத்த வேண்டும். அதிமதுரம் இருமலுக்கு இரண்டு நாள் சரி. வாரக்கணக்கில் குடித்தால் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். இதய நோயாளிக்கு அது இரட்டை ஆபத்து. குக்குலு என்ற பிசின் சேர்ந்த மாத்திரைகள் டில்டியாசெம், புரொப்ரனலோல் என்ற பிரஷர், இதயக் குளிசைகளின் வேலையைக் குறைக்கும். வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பவர் குளிசைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும், இன்சுலின் போடுபவர் சீனி இறங்குவதையும் பார்க்க வேண்டும். அரிட்டங்களில் வெல்லமும் தானாக ஊறிய மதுசாரமும் உண்டு. சீனி வருத்தக்காரருக்கும், மார்க்க காரணத்தால் தவிர்ப்பவருக்கும் இதை முன்கூட்டியே சொல்லுங்கள். கசாயம் மாற்றாக இருக்கிறது.

உலோகங்களைப் புடமிட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் எதையும் தபாலில் அனுப்ப வேண்டாம். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், பொஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் பிரஷரையும் ஏற்றும், அதுவே போதுமான காரணம். பிள்ளை அங்கேயே வாங்குவதானால் அந்நாட்டு அரசின் பதிவு அடையாளமான கனடாவில் எட்டு இலக்க என்பிஎன் எண், பிரித்தானியாவில் டிஎச்ஆர் முத்திரை, அவுஸ்திரேலியாவில் ஆஸ்ட் எல் எண் போத்தலில் இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். ஐரோப்பாவுக்குப் பாலும் நெய்யும் சேர்ந்தவை சுங்கத்தில் பறிபோகும். அவுஸ்திரேலியாவுக்குப் பட்டை, விதை, இலை எதுவானாலும் படிவத்தில் எழுதிக் காட்டியே ஆக வேண்டும். அனுப்பும் ஒவ்வொரு பையிலும் தமிழ்ப் பெயர், தாவரவியல் பெயர், அளவு மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். அங்குள்ள டொக்டர் கேட்டால் "அம்மா அனுப்பின தூள்" என்பது பதிலாகாது. இங்கே வாங்கும்போது, 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டப்படி பதிவுபெற்ற வைத்தியரிடமோ மாகாண அரச ஆயுர்வேத வைத்தியசாலையிலோ கேட்டு வாங்குங்கள்.

"வாயு" என்று இருந்துவிட வேண்டாம்

நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ ஓடும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல். நம் வீடுகளில் இதற்கு முதல் வைத்தியம் ஓமத்தண்ணியும் நெஞ்சு தேய்ப்பதும். பெண்களிலும் சீனி வருத்தக்காரரிலும் வலி தெளிவாக இருக்காது. களைப்பு, குமட்டல், மேல்வயிற்றுப் பிசைவு என்று வரும், அதனால் வாயு என்றே நினைப்பார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் ஓமத்தை விட்டுவிட்டு அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்: இலங்கையில் 1990, கனடாவில் 911, பிரித்தானியாவிலும் கட்டாரிலும் 999, சுவிஸில் 144, அவுஸ்திரேலியாவில் 000. தானாக வண்டி ஓட்டக் கூடாது. ஒவ்வாமை இல்லையென்றால், போனில் சொன்னபடி 300 மில்லிகிராம் அஸ்பிரினை மென்று விழுங்கலாம்.

மாமாங்கத் திருவிழாவுக்கோ பெருநாளுக்கோ ஊருக்கு வருபவர்கள் "பத்தியம் இருக்கிறேன்" என்று இரண்டு கிழமைக்குக் குளிசையை நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. அந்த இரண்டு கிழமைதான் பிரியாணியும் வட்டிலப்பமும் கோயில் சாதமும் இரவு விழிப்பும் ஒன்றாக வரும் காலம். நிற்கும் நாட்களுக்கும் மேலாக ஒரு கிழமைக்குப் போதுமான குளிசையைக் கைப்பையில், மருந்துச் சீட்டின் பிரதியோடு கொண்டுவர வேண்டும். பெட்டியில் போட்டால் பெட்டி தவறும்போது குளிசையும் தவறும். பரியாரியாரிடம் போகும்போதும் அந்தச் சீட்டைத்தான் முதலில் நீட்ட வேண்டும்.